சிமுலேட்டர் எழுதறவனுக்குப் பறக்கத் தெரியணுமா?

ஃப்ளைட் சிமுலேட்டர் பைத்தியம் பிடிச்சவங்க நாலு பேர் கூடினா இந்தச் சண்டை வராம இருக்காது. யாராவது புதுசா ஒரு விமானத்தைச் செஞ்சு விற்பனைக்கு விட்டிருப்பாங்க. ஒருத்தர் அதை ஓட்டிப் பார்த்துட்டு, "இதை எழுதினவன் ஜன்னலோர சீட்டுல கூட உக்காந்து போயிருக்க மாட்டான்"னு ஆரம்பிப்பார். உடனே அந்தப் பக்கத்துலேர்ந்து, "எங்க டீம்ல நிஜ பைலட் ரெண்டு பேர் இருக்காங்க, தெரியுமில்ல?"ன்னு பதில் வரும். அவ்வளவுதான், பஞ்சாயத்து கலைஞ்சிடும். பைலட்டே பார்த்து ஓகே சொல்லிட்டார், அப்புறம் என்ன?

அந்த 'அப்புறம் என்ன?'வைத்தான் கொஞ்சம் நோண்டிப் பார்க்கலாம்னு இந்தப் பதிவு.

என்னைப் பத்தி ரெண்டு வரி. பகல்ல பொட்டி தட்டறேன். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இன்னொரு பொட்டியில பறக்கிறேன். நிஜ விமானத்துல டிக்கெட் வாங்கிப் பின்னாடி உக்காந்ததோட சரி. ஆனா தொழில்ல இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை. வங்கிக்கு மென்பொருள் எழுதியிருக்கேன். ஒருநாளும் கவுன்ட்டர்ல உக்காந்து பணம் எண்ணினதில்லை. அங்கயும் "உங்களுக்கு பேங்க் வேலை தெரியுமா?"ன்னு கேட்பாங்க. தெரியாது. தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் பக்கத்து நாற்காலியில இருந்தார். நான் எழுதினதை "இது ஆகாது தம்பி"ன்னு திருப்பி அனுப்பற அதிகாரம் அவர்கிட்ட இருந்தது. அதனாலதான் வண்டி ஓடிச்சு.

சரி, விமானத்துக்கு வருவோம்.

வரலாற்றைப் பார்த்தா 'பறந்தவன்தான் எழுதணும்' கட்சிக்குத்தான் பலம் அதிகம். நம்ம வீட்டுக் கணினிகளுக்கு இந்த வியாதியைக் கொண்டு வந்தவர் ப்ரூஸ் ஆர்ட்விக். இலினாய் பல்கலைக்கழகத்துல 1975ல அவர் செஞ்ச முதுகலை ஆய்வே, அப்போ புதுசா வந்திருந்த மைக்ரோபிராசசரை வச்சு விமானம் பறக்கிறதைத் திரையில காட்ட முடியும்ங்கறதுதான். அப்புறம் ஸ்டூ மோமென்ட்டோட சேர்ந்து சப்லாஜிக் கம்பெனி, ஆப்பிள் இரண்டு கணினிக்கு ஃப்ளைட் சிமுலேட்டர், 1982ல ஐபிஎம் பிசிக்கு மைக்ரோசாஃப்ட் பேர்ல அதே சரக்கு. ஆர்ட்விக் எஞ்சினியர், கூடவே பைலட். அடுத்து எக்ஸ்-பிளேன் எழுதின ஆஸ்டின் மேயர். இவரும் விமானப் பொறியியல் படிச்சவர், பைலட். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற பழக்கம் விட்டுப் போகக் கூடாதேன்னு தனக்காக எழுத ஆரம்பிச்சதுதான் பின்னாடி எக்ஸ்-பிளேன் ஆச்சு.

இன்னும் பின்னாடி போனா எட்வின் லிங்க். சிமுலேட்டர்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தாவான லிங்க் டிரெய்னரைச் செஞ்சவர். இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பா நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன்ல தியேட்டர் ஆர்கனும் பியானோவும் செய்யற தொழிற்சாலை வச்சிருந்தார். பையனுக்குப் பறக்கிற ஆசை. 1920களில் பறக்கக் கத்துக்கிறதுன்னா காசு தண்ணியாப் போகும். அதனால தரையிலயே கத்துக்க ஒரு பெட்டி செஞ்சார். ஆர்கனுக்குக் காத்தடிக்கிற துருத்தி இருக்கே, அதையே வச்சு அந்தப் பெட்டியை அப்படி இப்படிச் சாய வச்சார். 1929ல செஞ்ச அந்தப் பெட்டியை ஆரம்பத்துல வாங்கினவங்க பொழுதுபோக்குப் பூங்காக்காரங்க! நம்ம ஊர் பொருட்காட்சி குதிரை ராட்டினம் மாதிரி காசு போட்டு ஆடற சாமான். 1934ல அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் போய், மோசமான வானிலையில ஏகப்பட்ட பைலட்டுகள் செத்ததுக்கு அப்புறம்தான் ராணுவம் ஆறு பெட்டி வாங்கிச்சு, ஒண்ணு 3,500 டாலர். ரெண்டாம் உலகப் போர்ல லட்சக்கணக்கானவங்க இதுலதான் பழகினாங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. லிங்க் பறந்தவர்தான். ஆனா அவர் பறந்த அனுபவம் 'என்ன வேணும்'னுதான் சொல்லிச்சு. 'எப்படிச் செய்யறது'ன்னு சொன்னது ஆர்கன் பட்டறை. அவரை விடப் பெரிய பைலட்டுகள் அந்தக் காலத்துல எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. அவங்க வீட்டுல துருத்தி இல்லை.

மறுபக்கத்துக்கும் ஆள் இருக்கு. 1982. ஒரே கம்பெனியில வேலை பார்த்த ரெண்டு பேர் லாஸ் வேகஸ் போன இடத்துல ரெட் பேரன்னு ஒரு விமானச் சண்டை ஆட்டம் ஆடறாங்க. ஒருத்தர் பில் ஸ்டீலி, விமானப்படை பைலட். இன்னொருத்தர் சிட் மேயர், புரோகிராமர். ஜெயிச்சது யாரு? புரோகிராமர். எப்படிய்யான்னு பைலட் கேட்க, எதிரி விமானம் எந்த வரிசையில திரும்புதுன்னு பார்த்து வச்சுக்கிட்டேன், இதை விட நல்ல ஆட்டம் நானே எழுதுவேன்னாராம். எழுது, நான் விற்கிறேன்னாராம் ஸ்டீலி. அப்படிப் பிறந்ததுதான் மைக்ரோபுரோஸ். ஆக, பறக்காதவர் எழுதினார். ஆனா பக்கத்துல பறந்தவர் ஒருத்தர் இருந்தார். என் வங்கிப் பெரியவர் மாதிரி.

இனிமேதான் எனக்கு வேண்டிய இடம்.

'பைலட் பார்த்துட்டார்'ங்கறதுல என்ன சிக்கல்? பைலட்டோட அனுபவம் உடம்புல இருக்கு. முதுகு, கை, காது, வயிறு. நிஜ செஸ்னாவுல வேகம் கூடக் கூட ஸ்டியரிங் இறுகும். டிரிம் சக்கரத்தைச் சுத்தினா அந்த இறுக்கம் தளரும். என் மேஜை மேல இருக்கிற ஜாய்ஸ்டிக்ல ஒரு ஸ்பிரிங்தான் இருக்கு. 60 நாட்ல போனாலும் 140ல போனாலும் அது ஒரே மாதிரிதான் தள்ளும். நீளமும் ஒரு சாண். இதைக் கொண்டு போய் ஒரு நிஜ பைலட் கையில கொடுத்தா அவர் நேர்மையா என்ன சொல்வார்? "மூக்கு ரொம்பத் துள்ளுது, நிஜத்துல இப்படி இருக்காது." அவர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. எழுதறவர் என்ன பண்ணுவார்? வால்ல இருக்கற எலிவேட்டரோட சக்தியைக் கொஞ்சம் குறைச்சிடுவார். பைலட்டுக்கு இப்போ சந்தோஷம், "இப்பதான் செஸ்னா மாதிரி இருக்கு." ஆனா இறங்கும்போது கடைசி நேரத்துல மூக்கைத் தூக்கணும்னா எலிவேட்டருக்குத் தெம்பு பத்தாது. முழுசா இழுத்துப் பிடிச்சாலும் ஸ்டால் ஆகாது. ஸ்டால்னா வேகம் குறைஞ்சோ மூக்கு அதிகமாத் தூக்கியோ இறக்கை விமானத்தைத் தாங்கற பிடிப்பை இழக்கிறது. பழகறவன் தெரிஞ்சுக்க வேண்டிய முதல் ஆபத்தே அதுதான். ஸ்பிரிங் பண்ணின தப்புக்கு விமானத்துக்குத் தண்டனை.

தொழில்முறைப் பயிற்சிக்கு வச்சிருக்கிற பெரிய சிமுலேட்டர் இருக்கே, ஆறு கால்ல நின்னு ஆடற கோடிக்கணக்கான ரூபாய் பெட்டி, அங்க இதுக்கு இடம் கொடுக்க மாட்டாங்க. நிஜ விமானத்தைப் பறக்க விட்டு அளவெடுத்த எண்கள் ஒரு பக்கம், அதே வேலையை சிமுலேட்டர்ல செஞ்சா வர்ற எண்கள் இன்னொரு பக்கம். ரெண்டும் இவ்வளவு வித்தியாசத்துக்குள்ள இருக்கணும்னு விதி. அதுக்கு மேலதான் பைலட் உக்காந்து பார்த்து அபிப்பிராயம் சொல்றது. எண்ணும் வேணும், ஆளும் வேணும். ரொம்ப சரி.

சிக்கல் எங்க வருதுன்னா, எண்ணே இல்லாத இடத்துல. யாரும் ஒரு பெரிய பயணி விமானத்தைத் தலைகீழாக் கவுத்து அளவெடுக்கப் போறதில்லை.

2001 நவம்பர் 12. நியூயார்க்ல கிளம்பி சாண்டோ டொமிங்கோ போக வேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587. முன்னாடி போன ஜம்போ விட்டுட்டுப் போன காத்துச் சுழல்ல மாட்டினப்போ, துணை விமானி வால் சுக்கானை, அதாவது ரட்டரை, முழு வீச்சுல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாத்தி மாத்தி மிதிச்சார். செங்குத்து வால் பிய்ஞ்சு போச்சு. உள்ளே 260 பேர், தரையில 5 பேர்.

விசாரணை பண்ணின என்டிஎஸ்பி முக்கியக் காரணமாச் சொன்னது அந்த மிதி. கூடவே அந்த விமானத்து ரட்டர் அமைப்பையும், கம்பெனி தன் பைலட்டுகளுக்குக் கொடுத்த ஒரு பயிற்சியையும் பங்குக் காரணமாச் சொல்லிச்சு. அந்தப் பயிற்சியில சிமுலேட்டர்ல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. காத்துச் சுழல்னு சொல்லி விமானத்தை 90 டிகிரி வரைக்கும் கவுக்கணும். நிஜக் கணக்குப்படி விட்டா பைலட் அதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுவார், பாடம் நடக்காது. அதனால கொஞ்ச நேரத்துக்கு பைலட்டோட கட்டுப்பாடு வேலை செய்யாதபடி சிமுலேட்டரை மாத்தி வச்சிருந்தாங்க. உள்ள இருக்கறவருக்கு என்ன பதியும்? 'சுழல்னா இவ்வளவு கவுக்கும். கொஞ்சம் மிதிச்சா பத்தாது, நல்லா மிதிக்கணும்.' சுழலைப் பத்தி மிகையான பயத்தையும் முரட்டுத்தனமாத் திருப்பற பழக்கத்தையும் இது உண்டாக்கியிருக்கலாம்னு அறிக்கை சொல்லுது.

இந்தப் பாடத்தை வடிவமைச்சவங்க யாரோ கத்துக்குட்டி புரோகிராமர்கள் இல்லை சாமி. வருஷக்கணக்கா பெரிய ஜெட் ஓட்டின ஆளுங்க. விமானம் செய்யற கம்பெனிகளும் எஃப்ஏஏவும் 1997லயே கடிதம் எழுதி ரட்டர் விஷயத்துலயும் சிமுலேட்டரோட எல்லை விஷயத்துலயும் எச்சரிச்சிருந்தாங்க. அனுபவத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனா அந்த அனுபவம் எந்த இடத்துல முடியுதுன்னு யாரும் கோடு போடலை. பெரிய ஜெட்டை 90 டிகிரி கவுத்த அனுபவம் யாருக்கு இருக்கு?

இங்கதான் 'அனுபவம்'ங்கற வார்த்தையையே பிரிச்சுப் பார்க்கணும். 15,000 மணி நேரம் பறந்த ஏர்லைன் கேப்டன் ஒருத்தர், தன் விமானம் முழுசா ஸ்டால் ஆகறதை ஒரு தடவை கூடப் பார்க்காம ஓய்வு பெறலாம். பார்க்கக் கூடாதுங்கறதுதான் அவர் வேலையே. 2009 பிப்ரவரியில பஃபலோ பக்கத்துல கோல்கன் 3407 விழுந்து 50 பேர் போனாங்க. ஸ்டால் வரப் போகுதுன்னு கைப்பிடி நடுங்கி எச்சரிச்சப்போ, முன்னாடி தள்ள வேண்டிய கேப்டன் பின்னாடி இழுத்தார். அதுவரைக்கும் சிமுலேட்டர் பயிற்சியெல்லாம் ஸ்டாலோட வாசப்படி வரைக்கும்தான். உள்ளே போனா என்ன ஆகும்னு காட்ட வேண்டிய கட்டாயம் சிமுலேட்டருக்கு இல்லை. அப்புறம் 2010ல சட்டம் வந்து, 2016ல எஃப்ஏஏ சிமுலேட்டர் விதியை மாத்தினாங்க. முழு ஸ்டாலையும் காட்டணும். அதுல ஒரு ஷரத்து எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது. அந்த ஸ்டால் மாடலை ஒரு பைலட் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கணும். ஆனா அவர் அந்த விமானம் ஸ்டால்ல எப்படி நடந்துக்கும்னு தெரிஞ்சவரா இருக்கணும். வெறும் லைசென்ஸும் தோள்பட்டையில நாலு பட்டையும் அங்க பத்தாது. சோதனை விமானிகளைத்தான் தேடிப் போகணும்.

எல்லா அனுபவமும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் வழுக்கின கதையும் உண்டு. போயிங்ல எஞ்சினியருக்கும் சோதனை விமானிக்கும் பஞ்சமா? 737 மேக்ஸ் ரெண்டு விழுந்து, 2018ல இந்தோனேசியாவுலயும் 2019ல எத்தியோப்பியாவுலயுமா 346 பேர் செத்தப்புறம், 2019 மே மாசம் மேக்ஸ் சிமுலேட்டர் மென்பொருள்ல திருத்தம் செஞ்சிருக்கோம்னு போயிங் ஒத்துக்கிச்சு. அதிக வேகத்துல கையால சுத்தற டிரிம் சக்கரம் எவ்வளவு இறுகிப் போகும்ங்கறதை அந்த சிமுலேட்டர் சரியாக் காட்டலை. எத்தியோப்பிய விமானிகள் கடைசியில மல்லுக்கட்டினது அந்தச் சக்கரத்தோடதான்.

இவ்வளவும் சொல்லிட்டு, 'அப்போ பைலட்டே வேணாம்'னு சொல்றேனான்னா, இல்லவே இல்லை. என் கட்சி இதுதான்: கோட் எழுதறவனுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவன் எழுதினதை நிறுத்தி வைக்கிற அதிகாரத்தோட, அந்தக் குறிப்பிட்ட விஷயத்தைப் பண்ணின ஒரு ஆள் வேணும். அந்த ஆளையும் மறிச்சு 'உங்க கை பழகினது வேற, அளவு சொல்றது வேற'ன்னு சொல்ல ஒரு எண் வேணும். எண் இல்லாத இடத்துல 'இதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது'ன்னு திரையில எழுதற தைரியம் வேணும். இந்த மூணாவதுதான் சந்தையில கிடைக்கவே மாட்டேங்குது. விளம்பரத்துல "நிஜ பைலட்டுகளால் சோதிக்கப்பட்டது"ன்னு போடறாங்களே, எந்த பைலட், எந்த விமானம், எதைச் சோதிச்சார்னு ஒரு வரி போட்டா குறைஞ்சா போயிடுவாங்க?

2020ல வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை எடுத்துக்கங்க. செஞ்சது போர்டோவுல இருக்கற அசோபோ ஸ்டூடியோ. அதுக்கு முன்னாடி ராட்டட்டூயி, வால்-ஈ மாதிரி படங்களுக்கு ஆட்டம் எழுதினவங்க. எலி சமைக்கிற ஆட்டம் எழுதினவனுக்கு ஏர்பஸ் என்ன தெரியும்னு அப்போ கிண்டல் அடிச்சவங்க உண்டு. ஆனா உலகத்தையே அப்படி அழகா மேகத்தோட வரைஞ்சு காட்ட வேற யாராலயும் முடியலையே? பழைய சிமுலேட்டர்ல எந்த ஊருக்கு மேல பறந்தாலும் ஒரே மாதிரி ஓட்டு வீடா இருக்கும். கிண்டல் அடிச்சவங்க பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது: பெரிய விமானங்களோட ஆட்டோபைலட்டும் பறப்புக் கணினியும் ஆரம்பத்துல அரைகுறைதான். அதைச் சரி பண்ணினது யாருங்கறீங்க? ஒர்க்கிங் டைட்டில்னு ஒரு குழு, ஆர்வத்துல இலவசமாத் திருத்தம் எழுதிக்கிட்டிருந்தவங்க. அவங்களையே மைக்ரோசாஃப்ட் அப்புறம் வேலைக்குச் சேர்த்துக்கிச்சு. ஏர்பஸ் ஏ320க்கு ஃப்ளைபைவயர்னு இன்னொரு கூட்டம், மூல நிரலைத் திறந்து வச்சு, புரோகிராமரும் பைலட்டுமா சேர்ந்து, காசு வாங்காமச் செஞ்சாங்க. திறந்த நிரல்ல உள்ள சௌகரியம், பைலட் சொன்னதைக் கேட்டு எந்த எண்ணை மாத்தினாங்கன்னு யார் வேணா போய்ப் பார்க்கலாம்.

இடையில ஒரு சிரிப்பு. அதே சிமுலேட்டர்ல மெல்போர்ன் புறநகர்ல ஒரு சாதா வீடு இருக்க வேண்டிய இடத்துல 212 மாடிக் கோபுரம் முளைச்சிருந்தது. வரைபடத்துல யாரோ 2 மாடின்னு அடிக்கப் போய் 212ன்னு அடிச்சிட்டாங்க. இதைக் கண்டுபிடிக்க பைலட்டும் வேணாம், எஞ்சினியரும் வேணாம். அந்தத் தெருவுல பால் போடறவர் போதும். :-)

பைலட் பேரைக் காட்டி யாராவது உங்க வாயை அடைச்சா, நீங்களே ஒரு சின்னச் சோதனை பண்ணலாம். செஸ்னா 172எஸ் கையேட்டுல, முழு எடையோட, கடல் மட்டத்துல, 15 டிகிரி வெப்பத்துல நிமிஷத்துக்கு 730 அடி ஏறும்னு போட்டிருக்கு. மீனம்பாக்கத்துல ஓடுபாதையில வண்டியை வச்சு, முழு எடை ஏத்தி, வெப்பத்தை 15 ஆக்கி, 74 நாட் வேகத்துல ஏறிப் பாருங்க. அப்புறம் அதே இடத்துல நம்ம மே மாச வெயில் 40 டிகிரி வச்சு இன்னொரு தடவை ஏறுங்க. ரெண்டாவது தடவை வண்டி நல்லாவே மூச்சு வாங்கணும். வாங்கலைன்னா, எத்தனை பைலட் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கணக்குல எங்கயோ ஓட்டை இருக்கு. பண்ணிப் பார்த்துட்டு உங்க எண்ணைச் சொல்லுங்க மக்களே, என் எண்ணோட வச்சுப் பார்ப்போம்.